மடியில் பிள்ளை, காரில் பயணம்: இரு குழந்தைகளுக்கும் இடம் எது?

ஞாயிற்றுக்கிழமை மாலை வேளைகளில் காங்கேசன்துறைக் கடற்கரைப் பக்கம் செல்வோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். கார் ஒன்று வந்து நிற்கும். முன் ஆசனத்தில் தாய், அவரது மடியில் பிறந்து சில வாரங்களேயான சிசு. சாரதி ஆசனத்தில் தந்தை, அவரது தொடைகளுக்கும் சுக்கானுக்கும் இடையில் இரண்டு வயதுப் பிள்ளை, தானே கார் ஓட்டுவதாக மகிழ்ந்தபடி. பின் ஆசனத்தில் அம்மம்மாவும் சித்தியும். பார்ப்பதற்கு நிறைவான குடும்பக் காட்சிதான். ஆனால் அந்தக் காரில் உள்ள அத்தனை பேரிலும் மிகவும் ஆபத்தான இரண்டு இடங்களில் இருப்பவர்கள் அந்த இரண்டு குழந்தைகளுமே.

இதனைக் குறைகூறும் நோக்கில் எழுதவில்லை. பெற்றோர் அன்பில்லாதவர்கள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. அன்பின் மிகுதியால்தான் பிள்ளையை மடியில் வைத்திருக்கின்றார்கள். மடி பாதுகாப்பானது என்பது நமது பண்பாட்டில் ஊறிய நம்பிக்கை. கோயிலில், பந்தியில், பேருந்தில், மாட்டு வண்டியில் எல்லாம் அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இயந்திரத்தினுள் அது செல்லுபடியாகாது என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது.

கணக்கு எளிமையானது. 50 கிலோமீற்றர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அந்த வேகத்தில் சென்ற கார் மதில் ஒன்றிலோ எதிரே வரும் டிப்பரிலோ மோதினால், விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகின்றது. கார் நிற்கின்றது, உள்ளே இருப்பவர்கள் நிற்பதில்லை. அவர்களது உடல் அதே வேகத்தில் முன்னே பாய்கின்றது. அதனைத் தடுத்து நிறுத்துவதற்கு உடல் எடையைப் போன்று 14 மடங்கு விசை வேண்டும். 3 கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தை அந்தக் கணத்தில் 40 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக மாறிவிடுகின்றது. 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுப் பிள்ளை 170 கிலோ. சீமெந்துத் தொழிற்சாலையை நினைவில் வைத்திருக்கும் காங்கேசன்துறை மக்களுக்கு அவர்களது மொழியிலேயே சொல்வதானால், முதலாவது பிள்ளை ஏறத்தாழ ஒரு சீமெந்து மூடை. இரண்டாவது பிள்ளை மூன்று மூடைக்கும் மேல். கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்து விழும் மூன்று மூடைகளைத் தாங்கிப் பிடிக்கும் கை எவருக்கும் இல்லை. தாய் ஆசனப்பட்டி அணியாதவராயின் நிலைமை இன்னும் கொடியது. அவரது முழு உடலும் பிள்ளையின் மேல் விழுந்து, முன்னால் உள்ள தட்டுடன் அதனை நசுக்கிவிடும்.

வேறொரு விதமாகவும் நினைத்துப் பார்க்கலாம். அந்த வேகத்தில் மோதுவது 30 அடிக்கும் சற்றுக் கூடுதலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நீர் வற்றிய 30 அடிக் கிணற்றின் கட்டிலே பிள்ளையை அமர்த்திவிட்டு எவரும் பேசிக்கொண்டிருப்பதில்லை.

வடபுலத்து மக்களுக்கு இது புதிய பிரச்சினை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரிதாகி, சில துளிகளை விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களில் ஆசனப்பட்டி என்ற ஒன்றே இருக்கவில்லை. அந்தப் புகையும் இரைச்சலும் மறக்கக் கூடியவை அல்ல. ஆனால் அவை வேகமாக ஓடியதும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் வாகனம் தந்தையின் சைக்கிள் பாரில் பூட்டிய சிறு ஆசனந்தான். காங்கேசன்துறைக்கோ 1990 இன் பின்னர் நெடுங்காலம் அந்தச் சைக்கிளும் போக முடியவில்லை. உயர் பாதுகாப்பு வலயம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு, 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறை வரை வந்து, 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகி, 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்து சேர்ந்தது. வீதிகள் அகன்றன, காப்பெற் இடப்பட்டன. யப்பானிலிருந்து இறக்கப்பட்ட கார்களும் வான்களும் அந்த வீதிகளில் ஓடுகின்றன. வேகம் வந்துவிட்டது. வேகத்துக்குரிய பழக்கங்கள் வந்து சேரவில்லை.

இங்கே ஒரு முரணைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. நாம் எந்த நாட்டிலிருந்து கார்களைப் பெரிதும் இறக்குமதி செய்கின்றோமோ, அந்த யப்பானில் 2000 ஏப்ரல் முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குழந்தை ஆசனத்தில் அமர்த்த வேண்டும் என்பது சட்டம். அங்கே அந்தக் காரில் குழந்தை ஆசனம் பூட்டப்பட்டே இருந்திருக்கும். கார் கப்பலேறி வந்தது. ஆசனம் அங்கேயே நின்றுவிட்டது. இதே போன்றதுதான் புலம்பெயர்ந்த நம் உறவுகளின் கதையும். ஒன்ராறியோவில் பிள்ளை 8 வயதையோ, 36 கிலோ எடையையோ, 145 சென்ரிமீற்றர் உயரத்தையோ அடையும் வரை உரிய ஆசனம் கட்டாயம். பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர். ரொறன்ரோவில் கடைக்குப் போவதற்கும் பிள்ளையை ஆசனத்தில் பூட்டிச் செல்பவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கென்று கட்டுநாயக்கவில் வந்து இறங்கியதும், வாடகை வானில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை இரவோடிரவாகக் கடந்து காங்கேசன்துறைக்கு வருகின்றார்கள். அங்கே பொலிஸார் பிடிப்பார்கள். இங்கே பிடிக்கமாட்டார்கள் என்ற ஒன்றைத் தவிர, மோதலின் விதிகள் இரு நாடுகளிலும் ஒன்றுதான். ஏ-9 வீதியில் நள்ளிரவில் சாரதிக்கு நித்திரை வருவதும், குறுக்கே மாடு நிற்பதும் ரொறன்ரோவில் இல்லாத கூடுதல் அபாயங்கள்.

இனி, குழந்தை ஆசனம் என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். பச்சிளம் குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்குதான். பெரிய தலை, முதிராத கழுத்தெலும்பு, வலுவற்ற தசை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடல் பட்டியால் நிறுத்தப்பட்டாலும் தலை முன்னே பாயும். கழுத்து அதனைத் தாங்காது. ஆகவே சிசுவைக் காரின் பின்புறத்தை நோக்கியவாறு அமர்த்த வேண்டும். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்தே ஆசனத்தின் முதுகுப்புறத்துள் அமுங்கும். விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். சுவீடனைச் சேர்ந்த பேர்ட்டில் அல்ட்மான் என்பவர் 1964 இல் இத்தகைய ஆசனத்தின் முதல் மாதிரியை உருவாக்கினார். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி விசையைத் தாங்கும் முறையே அவருக்கு வழிகாட்டியது. சரியாகப் பயன்படுத்திய குழந்தை ஆசனம், கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட சிசு இறக்கும் அபாயத்தை 71 சதவீதத்தாலும், அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளின் அபாயத்தை 54 சதவீதத்தாலும் குறைக்கின்றது என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணிப்பு. ஆனால், 'சரியாக' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கையில் இன்னொன்று பிறந்தால், பலரும் செய்வது மூத்ததன் ஆசனத்தை இளையதற்குக் கொடுத்துவிட்டு, மூத்ததைச் சும்மா இருத்துவதாகும். "அவன் வளர்ந்துவிட்டான்தானே" என்பார்கள். இது தவறு. இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு ஆசனங்கள் வேண்டும். அதுமட்டுமன்றி, மூத்த பிள்ளையை அவசரப்பட்டு முன்னோக்கித் திருப்பவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018 இல் திருத்திய வழிகாட்டலில் வயதெல்லையையே நீக்கிவிட்டு, ஆசனம் அனுமதிக்கும் எடையும் உயரமும் நிரம்பும் வரை பின்னோக்கியே வைத்திருக்குமாறு கூறியது. கால் மடங்கியிருக்கின்றதே என்று அம்மம்மா கவலைப்படுவார். பிள்ளைகள் சப்பாணி கட்டியிருப்பதை விரும்புகின்றவர்கள். கால் மடங்குவதால் அவர்களுக்குக் கேடில்லை.

எந்த ஆசனம் எந்த இடத்தில் என்பதே அடுத்த கேள்வி. முதலாவது விதிக்கு விலக்கில்லை: காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றுப்பை விரியும் வேகம் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள ஆசனத்தை நேரே தாக்கும். பெரியவரைக் காக்கும் அதே பை சிசுவைக் கொல்லும். நம்மிடம் ஓடும் யப்பானியக் கார்கள் பலவற்றில் இடப்பக்கக் காற்றுப்பையை நிறுத்திவைக்கும் ஆளி கிடையாது. வெயில் மறைப்புத் தட்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தை ஒருமுறை பார்த்தால் போதும். ஆகவே, இரு பிள்ளைகளும் பின்னால்தான்.

பின் ஆசனத்தின் நடுவிடமே பக்க மோதலிலிருந்து மிகத் தொலைவானது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் ஆசனம் அசையாமல் இறுகாவிட்டால் அந்த நன்மை வீணாகிவிடும். 'வகன் ஆர்' போன்ற சிறிய கார்கள் பெரும்பாலும் நால்வருக்கானவை. நடுவில் இடமே இல்லை. அவற்றில் சிசுவின் ஆசனத்தை இடப்பக்கமாக, முன்னால் பயணி அமரும் ஆசனத்துக்குப் பின்னே வைப்பதே வசதி. பின்னோக்கிய ஆசனம் நீளமான இடத்தை எடுக்கும். பயணி ஆசனத்தை முன்னே தள்ளலாம், சாரதியின் ஆசனத்தைத் தள்ள முடியாது. நாம் வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டுபவர்கள் ஆதலால், வீதி ஓரத்தில் நின்று சிசுவை ஏற்றி இறக்கலாம் என்பது இன்னொரு நன்மை. மூத்த பிள்ளை சாரதிக்குப் பின்னால். இதில் ஒரு இடர்ப்பாடு உண்டு. மூத்தவனின் கதவு வீதிப் பக்கம் திறக்கும். எனவே அவனையும் இடப்பக்கக் கதவால் ஏற்றப் பழக்குவது நன்று. முதலில் ஓடக் கூடியவனைப் பூட்டுங்கள், பிறகு சிசுவை ஏற்றுங்கள். இறங்கும்போது முதலில் சிசு, கடைசியில் ஓடக் கூடியவன். பெற்றோரில் ஒருவர் மட்டும் தனியே செல்லும் நாட்களில் இந்த ஒழுங்கு மிகவும் உதவும்.

'அக்சியோ' போன்ற ஐவருக்கான கார்களில் இரு ஆசனங்களையும் இரு ஓரங்களில் வைத்து நடுவில் தாய் அமரலாம், உடல்வாகு இடங்கொடுத்தால். முதல் வாரங்களில் சிசுவின் முகம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடில்லை. மூத்தவன் அன்பு மிகுதியால் விளையாட்டுக் காரைத் தம்பியின் முகத்தில் வைப்பதையும் தடுக்கலாம். ஆனால் அந்த நடுவிடத்திலும் பட்டி இருக்க வேண்டும், தாய் அதனை அணியவும் வேண்டும். பட்டி அணியாத பெரியவர் விபத்தின்போது இரு பிள்ளைகளுக்கும் இடையில் வீசப்படும் கல்லுக்குச் சமம்.

வான்களின் நிலை சற்றுச் சிக்கலானது. ஹயஸ் வான்களின் பின்வரிசைகளில் பல இடங்களில் இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு. அதுவும் றெக்சீன் உறைக்குள் புதைந்து கிடக்கும். வாகனத்தை வாடகைக்குப் பேசும்போதே, "பின்னால் தோளுக்கும் வரும் பட்டி இருக்கின்றதா, உறையை நீக்கித் தருவீர்களா?" என்று உரிமையாளரிடம் கேட்டுவிட வேண்டும். கதவோரத்தில் மடித்து விரிக்கும் சிறு ஆசனத்திலும், பக்கவாட்டை நோக்கிய ஆசனத்திலும் குழந்தை ஆசனத்தைப் பூட்டக் கூடாது. சில ஆசனங்களை இடுப்புப் பட்டியால் மட்டும் பூட்டலாம், சிலவற்றை முடியாது. அது அந்தந்த ஆசனத்தின் கைநூலில் எழுதப்பட்டிருக்கும்.

கனடாவிலிருந்து கொண்டுவரும் ஆசனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள கார்களின் பட்டிகள் இழுத்து விட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. இங்குள்ள கார்களில் பல பட்டிகள் சடுதியாக இழுபடும்போது மட்டுமே பூட்டுபவை. அந்த இடத்தில் ஆசனத்துடன் வரும் இரும்புக் கவ்வியோ, ஆசனத்திலேயே அமைந்த பூட்டோ தேவை. அது இல்லாமல் பூட்டினால், வளைவுகளில் ஆசனம் மெல்ல மெல்லச் சரியும். ஆசனத்தின் அடியில் உள்ள இரும்பு வளையங்களில் நேரே கொளுவும் ஐசோபிக்ஸ் முறை 2012 இன் பின்னர் தயாரான யப்பானியக் கார்களில் பெரும்பாலும் உண்டு. மெத்தையின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தேடினால் தட்டுப்படும். பட்டியும் ஐசோபிக்ஸும் இரண்டும் ஒன்றாக வேண்டியதில்லை. கைநூல் வேறு விதமாகச் சொன்னாலன்றி ஒன்றே போதும். பூட்டிய பின்னர் அடிப்பகுதியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் அது பூட்டப்படவில்லை என்றே பொருள்.

உறவினர் கொடுத்தனுப்பும் பழைய ஆசனங்களில் இரண்டைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்ரிக்கிலே காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கலாம். அது கடந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆசனம் முன்னர் விபத்தொன்றில் சிக்கியதா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சிக்கியதாயின் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதனைப் பயன்படுத்தலாகாது.

பிள்ளையைப் பூட்டும் முறையிலும் நுணுக்கம் உண்டு. பின்னோக்கிய ஆசனத்தில் தோட்பட்டிகள் பிள்ளையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ. பட்டியை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக் கூடாது. சிசுவைத் துவாயாலும் போர்வையாலும் சுற்றிவிட்டுப் பூட்டுவது நம் வழக்கம். சுற்றிய துணி மோதலில் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். முதலில் பூட்டிவிட்டு, மேலே துணியைப் போர்த்தலாம். நமது வெயிலுக்கு அதுவும் அதிகந்தான். கடற்கரையில் நிறுத்திய காரின் கொக்கி இரும்பு பிள்ளையின் தொடையைச் சுடும் என்பதால், ஆசனத்தின் மேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவிட்டுச் செல்லலாம். பிள்ளையைப் பூட்டிய காரினுள் தனியே விட்டு இறங்குவதோ, ஒரு நிமிடமானாலும் ஆகாது.

சிசுவின் ஆசனம் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னே தொங்கி, நாடி மார்பைத் தொடும், மூச்சுக்குழல் நெரியும். இக்காரணத்தினாலேயே பிறந்து சில வாரங்களேயான குழந்தையை, குறிப்பாகக் குறைமாதக் குழந்தையை, ஆசனத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க வேண்டாம் என்று பிரித்தானிய மருத்துவர்கள் ஆலோசனை கூறுகின்றனர். காங்கேசன்துறையிலிருந்து தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில் வழியாக யாழ்ப்பாணம் இருபது கிலோமீற்றருக்கும் குறைவானது. போதனா வைத்தியசாலைக்குப் போய்வரும் தாய்க்கு இது தடையாகாது. கொழும்புப் பயணம் வேறு. அதனைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது. தவிர்க்க முடியாதாயின், புகையிரதம் ஓடும் நாட்களில் புகையிரதத்தில் செல்லலாம். அதில் பிள்ளை மடியில் இருக்கலாம், படுக்கலாம், பால் குடிக்கலாம். வானில் செல்வோர் அடிக்கடி நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்துத்தான் பாலூட்ட வேண்டும். ஓடும் வாகனத்தில் பாலூட்டுவதற்காகப் பட்டியைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடந்தான் பாதுகாப்பற்ற பத்து நிமிடம்.

பிள்ளை அழுமே என்ற கேள்வி எழும். அழும். முதல் சில பயணங்களில் வீறிட்டு அழும். 31 ஆம் நாள் துடக்குக் கழித்து மாவிட்டபுரம் கோயிலுக்குச் செல்லும் முதல் பயணத்திலேயே "பிள்ளையைக் கட்டிவைத்துக் கொண்டு போகிறார்கள்" என்று அப்பம்மா மனம் நோகலாம். பிறந்த நாளிலிருந்து ஆசனத்தில் பழகிய பிள்ளை சில வாரங்களில் அடங்கிவிடும். மடியில் பழகிய இரண்டு வயதுப் பிள்ளையைப் புதிதாக ஆசனத்தில் பூட்டுவதுதான் பெரும்பாடு. அழுகின்ற பிள்ளை மூச்சு விடுகின்ற பிள்ளை என்பதை முதியவர்களுக்கு எடுத்துச் சொல்வது இளம் பெற்றோரின் பொறுப்பு.

இவ்வளவும் கார் உள்ளவர்களுக்கு. நம் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களின் வாகனம் மோட்டார் சைக்கிள். அடுத்தது முச்சக்கர வண்டி. இவ்விரண்டிலும் குழந்தை ஆசனத்தைப் பூட்ட வழியில்லை. தாங்கியின் மேல் ஒரு பிள்ளை, தாயின் கையில் ஒரு பிள்ளை என்று செல்லும் மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாக்கும் உத்தி எதுவும் கிடையாது. சிசுவை அதில் ஏற்றாதிருப்பதே ஒரே வழி. முச்சக்கர வண்டியில் செல்வதாயின் திறந்த பக்கத்தில் இருக்காது நடுவில் அமர்ந்து, மெதுவாக ஓட்டும்படி சாரதியிடம் கூறலாம். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்காக கிளினிக்குக்குச் செல்லும் பயணங்களை அறிந்த காரில் ஒழுங்கு செய்ய முடியுமா என்று உறவினரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆசனம் இல்லாத காரில் செல்ல நேர்ந்தால், பெரியவர் அணிந்த பட்டிக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துப் பூட்டக் கூடாது. பெரியவரின் பாரம் பிள்ளையைப் பட்டியுடன் நெரிக்கும்.

சட்டம் என்ன செய்கின்றது? இலங்கையில் சாரதியும் முன் ஆசனப் பயணியும் பட்டி அணிவது 2011 ஒக்ரோபரில் கட்டாயமாக்கப்பட்டது. 2025 இல் அதிவேக நெடுஞ்சாலைகளில் பயணிகள் அனைவரும் பட்டி அணிய வேண்டும் என அறிவிக்கப்பட்டது. வடக்கில் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் இல்லை. அயலில் இந்தியா 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டியோ குழந்தை ஆசனமோ இன்றிக் கொண்டு செல்வோருக்கு 1000 ரூபா தண்டம் விதித்தது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் உயிரிழக்கும் நம் நாட்டில், பிள்ளைகளுக்கான தெளிவான சட்டமொன்றைக் கேட்பது மிகையான கோரிக்கையல்ல. அதேவேளை, ஆசனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத நிலையில் தண்டப்பணம் மட்டும் எதையும் சாதிக்காது.

நியூசிலாந்தில் பிளங்கெட் என்ற தாய்சேய் நல அமைப்பு 1980 களிலேயே குழந்தை ஆசனங்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. குழந்தை வளர்ந்ததும் ஆசனம் திரும்பி வரும். அடுத்த வீட்டுக்குப் போகும். கோயில் திருப்பணிக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் பணம் அனுப்பும் நமது வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ குடும்பநல உத்தியோகத்தரின் நிலையத்திலோ இருபது, முப்பது ஆசனங்களை வைத்து இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். பூட்டும் முறையைக் காட்டித்தர ஒருவரைப் பயிற்றுவித்தால் போதும். வாடகை வான் உரிமையாளர்களும் ஆளுக்கு இரண்டு ஆசனங்களை வாங்கி வைத்திருந்து, கட்டுநாயக்கவுக்குச் செல்லும்போதே பூட்டிக்கொண்டு போகலாம். அதற்கெனச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் ரொறன்ரோவிலிருந்து வருகின்றவர் மறுக்கமாட்டார்.